தம்போய் என்பது வசைச்சொல் அல்ல



இன்றைய உரையை ஒரு மன்னிப்போடு தொடங்க வேண்டியவளாக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தீபாவளிச் சிறப்பு நேரலையைத் தொகுத்துக் கொண்டிருந்தேன். என்னோடு சேர்ந்து தொகுத்த நண்பர், நேயர்கள் கேட்ட விடுகதைகளுக்கெல்லாம் தப்புத் தப்பாகப் பதில் சொல்லிக் கொண்டிருந்தார். நான் சும்மா இருக்கவில்லை. "இவருக்குத் தம்போய்ல ஒரு கட்டில் பார்த்து வைக்கணும் போலிருக்கே!" என்று சொல்லிவிட்டேன். அரங்கமே சிரித்தது. நண்பரும் சிரித்தார். நானும்தான். ஜொகூரில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அந்த நகைச்சுவைக்கு விளக்கம் தேவைப்படாது.

நிகழ்ச்சி முடிந்து ஒப்பனையைக் கலைத்துக் கொண்டிருந்தபோது எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருப்பதாகச் சொன்னார்கள். எடுத்தேன். வயதான ஓர் அம்மா பேசினார். கோபமே இல்லாத குரல்.

"கண்ணு, நிகழ்ச்சி நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நீ சிரிச்சுக்கிட்டே சொன்னியே, அந்த இடத்துலதாம்மா என் மகன் இருந்தான். இப்ப மருந்து எடுத்துக்கிட்டு வேலைக்குப் போறான். அவனும் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. "மன்னிச்சிடுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்த உரைக்கே காரணம்.

"உன்னைத் திட்ட வரலை கண்ணு. நாங்களும் அப்படித்தான் பேசிக்கிட்டு இருந்தோம். அந்தப் பேருக்குப் பயந்துதான் நாலு வருசமா அவனைக் கூட்டிக்கிட்டே போகலை. கோயில் கோயிலா அலைஞ்சோம். அந்த நாலு வருசத்தை யாரு திருப்பித் தருவா?"

நான் மருத்துவர் அல்ல. வரலாற்று ஆய்வாளரும் அல்ல. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா வாங்கி, ஒலிவாங்கியைப் பிடித்துப் பிழைப்பவள். ஆனால் சொற்களால் பிழைப்பவளுக்குச் சொற்களின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஓர் ஊரின் பெயர் எப்படி வசைச்சொல்லாக மாறியது, அந்த வசைச்சொல் எப்படி ஒரு நோயாளியின் நான்கு ஆண்டுகளைத் தின்றது என்று தேடத் தொடங்கினேன். தேடிக் கண்டதை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

ஊர்கள் செய்த பாவம் என்ன?

இது ஜொகூரின் கதை மட்டுமல்ல. சென்னைக்குப் போனால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பார்கள். இலங்கையில் "அங்கொடை" என்றால் போதும். சிங்கப்பூரில் "உட்பிரிட்ஜ்". நம் நாட்டில் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானைச் சொல்லிச் சிரிக்காத ஊரே கிடையாது. தெற்கே வந்தால் தம்போய். ஐந்தும் மனிதர்கள் வாழும் ஊர்கள். அங்கே கடைகள் உண்டு, பள்ளிகள் உண்டு, கோயில்கள் உண்டு. ஒரு மருத்துவமனை அங்கே கட்டப்பட்டது. அது ஒன்றுதான் அந்த ஊர்கள் செய்த பாவம்.

அதிகாரிகள் பெயரை மாற்றிப் பார்க்காமல் இல்லை. சிங்கப்பூரில் 1928-இல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனைக்கு 1951-இல் உட்பிரிட்ஜ் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். பழைய பெயரின் களங்கம் போகட்டும் என்பதே நோக்கம். என்ன நடந்தது? சில ஆண்டுகளில் உட்பிரிட்ஜ் என்பதே கேலிச்சொல் ஆகிவிட்டது.

நம் நாட்டில் அரசாங்கத்தின் பெரிய மனநல மருத்துவமனைகள் நான்கு. தஞ்சோங் ரம்புத்தானில் இருப்பது பஹாகியா, அதாவது மகிழ்ச்சி. தம்போயில் இருப்பது பெர்மாய், அதாவது அழகு. கூச்சிங்கில் செந்தோசா, அமைதி. கோத்தா கினபாலுவில் மெஸ்ரா, நேசம். மகிழ்ச்சி, அழகு, அமைதி, நேசம் என்று எவ்வளவு அருமையான பெயர்கள்! ஆனால் நம் வாயில் வருவது அந்தப் பெயர்களா? ஊர்ப்பெயர்தானே வருகிறது? ஆகவே கோளாறு பெயர்ப்பலகையில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது.

சிறையிலிருந்து பிறந்த மருத்துவமனை

நம் வட்டாரத்தில் மனநோயாளிகளுக்கென்று தனிக் கட்டடம் எழும்பிய கதையே ஒரு கொலையில்தான் தொடங்குகிறது. சிங்கப்பூரில் அந்தக் காலத்தில் சித்தம் கலங்கியவர்களைச் சிறைச்சாலையில்தான் அடைத்து வைத்தார்கள். 1840-இல் அப்படி அடைபட்டிருந்த ஒருவர் இன்னொருவரைக் கொன்றுவிட்டார். அதன் பிறகுதான் தனி இடம் வேண்டும் என்ற பேச்சு எழுந்து, 1841-இல் பிராஸ் பாசா சாலை, பென்கூலன் தெரு முனையில் முப்பது பேருக்கான ஒரு சிறிய கட்டடம் கட்டப்பட்டது.

கவனியுங்கள் வாசகர்களே. நோயாளிக்குக் குணமாக வேண்டும் என்று எழுந்த கட்டடம் அல்ல அது. சிறைக்குள் தொல்லை வேண்டாம் என்று எழுந்தது. கருவிலேயே அதற்குச் சிறையின் சாயல் ஒட்டிக் கொண்டது. சென்னையில் அதற்கு முன்பே 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஒரு காப்பகம் தொடங்கப்பட்டிருந்தது. அதன் வழித்தோன்றல்தான் 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது.

மலாயாவில் ஈயமும் ரப்பரும் பெருகப் பெருக, கப்பலில் வந்து இறங்கும் தொழிலாளர்களும் பெருகினார்கள். கூட்டரசு மலாய் மாநிலங்களுக்கென்று 1911-இல் தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய காப்பகம் திறக்கப்பட்டது. ஈப்போவிலிருந்து சற்றுத் தள்ளி, சொந்தமாகத் தோட்டமும் வயலும் கொண்ட ஒரு தனி ஊராகவே அது வளர்ந்தது.

ஜொகூர் அந்தக் கூட்டரசில் சேராத மாநிலம். 1914 முதல் ஆங்கிலேய ஆலோசகர் இருந்தாலும், சுல்தான் இப்ராஹிம் ஆட்சியில் ஜொகூர் தன் மருத்துவமனைகளைத் தானே பார்த்துக் கொண்டது. 1930-களில் தம்போயில் மாநிலத்தின் மனநோய் மருத்துவமனை எழுந்தது. நகரத்திலிருந்து ஒதுங்கிய, மரங்கள் சூழ்ந்த பெரிய நிலம். நல்ல காற்றும் அமைதியும் நோயாளிக்கு நல்லது என்பது அந்தக் கால மருத்துவக் கருத்து. அதில் தவறில்லை. ஆனால் ஒதுங்கிய இடத்தில் நோயாளி இருந்தால், உறவும் ஒதுங்கிப் போகும் என்பதை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

உள்ளே இருந்தவர்கள் யார்?

இந்தக் காப்பகங்களுக்குள் இருந்தவர்களில் பெரும்பகுதியினர் கப்பலேறி வந்த சீனர்களும் இந்தியர்களும்தான். தனியாக வந்த ஆண்கள். தாய் தகப்பன் ஊரில். மனைவி மக்கள் ஊரில், அல்லது மனைவி மக்களே இல்லை. ஒரு தமிழ்த் தொழிலாளிக்கு லயத்தில் சித்தம் கலங்கினால் அவரைத் தோள் கொடுத்துப் பார்த்துக்கொள்ள யார் இருந்தார்கள்? பக்கத்து வீட்டுக்காரரும் விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டியவர்தானே. தோட்டத்து டிரஸ்ஸர் காய்ச்சலுக்குக் குவினைன் கொடுப்பார். இதற்கு என்ன கொடுப்பார்? கிராணிக்குத் தெரியும், கிராணி துரைக்குச் சொல்வார், துரை போலீசுக்குச் சொல்வார். போலீஸ் வரும், நீதிபதியின் உத்தரவு வரும், காப்பகத்தின் கதவு திறக்கும்.

சட்டம் அப்படித்தான் இருந்தது. 'பித்தர் சட்டம்' என்ற பெயரிலேயே ஆங்கிலேயர் தங்கள் குடியேற்ற நாடுகளில் சட்டம் வைத்திருந்தார்கள். இந்தியாவில் 1858-இல் ஒன்று, 1912-இல் ஒன்று. அந்தச் சட்டங்களின் முதல் அக்கறை வெளியே இருப்பவர்களின் பாதுகாப்பு. உள்ளே போகிறவரின் விருப்பம் என்ன என்பது அதற்குப் பிறகுதான். சிலரை ஊருக்கே கப்பலேற்றித் திருப்பி அனுப்பும் வழக்கமும் இருந்தது. திரும்பிப் போக வீடும் இல்லாமல், கூட்டிப் போக ஆளும் இல்லாமல் ஆயுள் முழுக்க உள்ளேயே கழித்தவர்களும் இருந்தார்கள்.

"உள்ளே போனவன் திரும்பி வரமாட்டான்" என்ற பேச்சு இங்கேதான் பிறந்தது. அது வெறும் மூடநம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். நம் பாட்டன்மார் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். ஆனால் அன்று அவர்கள் திரும்பாததற்குக் காரணம் நோய் மட்டுமல்ல. குடும்பம் இல்லை, மருந்து இல்லை, சட்டத்தில் வழி இல்லை. இந்த மூன்றையும் நாம் மறந்துவிட்டோம். பேச்சை மட்டும் பத்திரமாக வைத்துக் கொண்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலேய மருத்துவர்கள் மனநோயை இனத்தோடு முடிச்சுப் போட்டார்கள். சிங்கப்பூர்க் காப்பகத்தின் தலைமை மருத்துவராக இருந்த கில்மோர் எல்லிஸ் 1893-இல் மலாய்க்காரர்களின் 'அமோக்' பற்றியும், 1897-இல் 'லாத்தா' பற்றியும் லண்டன் மருத்துவ இதழில் எழுதினார். இன்ன இனத்துக்கு இன்ன பித்து என்று ஒரு பார்வை அப்படியே வேரூன்றியது. மனநோய்க்கு இனம் கிடையாது என்பதை இன்று உலகமே ஒப்புக்கொள்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மனச்சிதைவு நோய் சுமார் முந்நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அது தைப்பிங்கிலும் உண்டு, லண்டனிலும் உண்டு.

போர் வந்தது

1942 ஜனவரி இறுதியில் ஜொகூர் பாரு ஜப்பானியர் கையில் விழுந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. அதன் பிறகு தம்போய் மருத்துவமனைக்கு நேர்ந்தது பலருக்கும் தெரியாத கதை.

ஜப்பானிய இராணுவத்தின் நோய்க்கிருமி ஆய்வுப் படைப்பிரிவு ஒன்று சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில் இயங்கியது. 'ஓகா 9420' என்பது அதன் பெயர். சீனாவில் மனிதர்கள் மீது கொடூரச் சோதனைகள் நடத்திய 731-ஆம் படைப்பிரிவின் பங்காளி அது. பிற்காலத்தில் சிங்கப்பூர் அமைச்சரான ஒத்மான் வோக், இளைஞராக அந்தக் கூடத்தில் வேலை செய்ததை 1991-இல் வெளிப்படையாகச் சொன்னார். எலிகளும் தெள்ளுப்பூச்சிகளும் கொள்ளைநோய்க் கிருமிகளும்தான் அங்கே வேலை. அந்தப் படைப்பிரிவின் கிளை ஒன்று நமது தம்போய் மருத்துவமனையில் இயங்கியது.

குணப்படுத்தக் கட்டிய இடத்தில் கொள்ளைநோயை வளர்த்தார்கள். மதிலும் தனிமையும் நோயாளிக்கு நல்லது என்று நினைத்தோமே, அதே மதிலும் தனிமையும்தான் அந்த இரகசிய வேலைக்கும் வசதியாக இருந்தன. வெளியே இருப்பவர் உள்ளே எட்டிப் பார்க்காத எந்த இடத்துக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

பூட்டைத் திறந்த மருந்து

போருக்குப் பிறகு உலகம் மாறியது. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் என்ற உப்பு சிலரின் அளவு கடந்த கிளர்ச்சியைத் தணிப்பதைக் கண்டறிந்தார். 1952-இல் பாரிஸ் நகரின் சாந்த் ஆன் மருத்துவமனையில் குளோர்புரோமசின் என்ற மருந்து மனநோயாளிகளுக்குப் பலன் தருவது தெரிந்தது. நம்மவர்களுக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றும் உண்டு. சர்ப்பகந்தி என்ற மூலிகை வேர் மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் பயன்படுவதை 1931-லேயே கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் போஸ் என்ற இருவரும் எழுதியிருந்தார்கள்.

இந்த மருந்துகள் எல்லாரையும் குணப்படுத்திவிடவில்லை. பக்கவிளைவுகளும் இருந்தன. ஆனால் "உள்ளே போனவர் வெளியே வரலாம்" என்ற நிலை முதன்முறையாக வந்தது. 1958-இல் பினாங்குப் பொது மருத்துவமனையில் மனநோய்ப் பிரிவு தொடங்கியது. கால் உடைந்தவரும் மனம் உடைந்தவரும் ஒரே வாசல் வழியாக நுழையலாம் என்று ஆனது. இது சின்ன விசயமாகத் தெரியலாம். ஆனால் பொது மருத்துவமனையின் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் கேலி செய்வதில்லையே!

தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி 1957-இல் தொடங்கிய மனநல மையம் இன்னும் ஒரு படி மேலே போனது. நோயாளியோடு குடும்பத்தினரும் வந்து தங்க வேண்டும் என்றது. அம்மா சமைத்துக் கொடுக்க, அண்ணன் பக்கத்தில் படுத்துக்கொள்ள, நோயாளி சிகிச்சை பெற்றார். குடும்பத்தைப் பிரித்ததுதான் பழைய காப்பகங்களின் குறை என்றால், குடும்பத்தைச் சேர்த்தது வேலூரின் மருந்து.

சென்னையில் டாக்டர் சாரதா மேனன் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையைப் பல ஆண்டுகள் நடத்தியவர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். ஓய்வுக்குப் பின் 1984-இல் ஸ்கார்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார். டாக்டர் தாரா தலைமையில் சென்னையில் 1981 முதல் மனச்சிதைவு நோய் கண்ட 90 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் தொடர்ச்சியாக நோயிலேயே மூழ்கிக் கிடக்கவில்லை என்று அது காட்டியது. திரும்பி வரமாட்டார் என்ற பழைய பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் எது?

2001: ஒரே ஆண்டு, இரண்டு செய்திகள்

2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோய்க் காப்பகத்தில் அதிகாலை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். குடும்பத்தார் அவர்களை வெறுத்து அங்கே விடவில்லை. தர்காவின் அருளால் குணமாகும் என்று நம்பித்தான் விட்டார்கள். இந்திய உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. அனுமதியின்றி நடந்த காப்பகங்கள் மூடப்பட்டன.

அதே 2001-இல்தான் நம் நாட்டில் மனநலச் சட்டம் நிறைவேறியது. 1952-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த இது, சமூக மனநல மையங்களுக்கு வழி வகுத்தது. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் சேர்ப்பதற்கும், வைத்திருப்பதற்கும், விடுவிப்பதற்கும் முறைகளை வகுத்தது. ஆனால் விதிமுறைகள் தயாராகிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010-இல். ஒன்பது ஆண்டுகள்! ஏர்வாடிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து "அய்யோ பாவம்" என்ற நாமும் சும்மாதான் இருந்தோம்.

இங்கே கோயில், தர்கா, பூசை பற்றி ஒரு வார்த்தை. சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தாய்க்கு நான்கு ஆண்டுகள் தெம்பு கொடுத்ததும் அந்தக் கோயில்தான். ஆனால் சர்க்கரை நோய்க்குச் சாமியும் கும்பிட்டு மருந்தும் எடுத்துக்கொள்கிறோம் அல்லவா? இதற்கு மட்டும் ஏன் ஒன்றை விட்டு ஒன்று?

309 என்ற எண்

மதில்களில் கண்ணுக்குத் தெரியாத மதில் ஒன்று இருந்தது. அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. மெக்காலே வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் வந்தது. நீரிணைக் குடியேற்ற நாடுகள் 1871-இல் அதையே தழுவின. அதனால்தான் சென்னையிலும் நமது நாட்டிலும் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பிரிவுக்கு ஒரே எண், 309. உயிர் பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

சட்டத்தை எழுதிய ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டில் 1961-லேயே அதைத் தூக்கி எறிந்தார்கள். இலங்கை 1998-இல் நீக்கியது. சிங்கப்பூர் 2020-இல். நமது மக்களவை 2023 மே 22-ஆம் தேதி 309-ஐ நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது. கூடவே மனநலச் சட்டமும் திருத்தப்பட்டது. நெருக்கடியில் இருப்பவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பொறுப்பு, போலீசோடு தீயணைப்புப் படை, பொதுத் தற்காப்புப் படை போன்றவற்றின் அதிகாரிகளுக்கும் தரப்பட்டது.

இது ஏன் நமக்கு முக்கியம்? நாட்டின் மக்கள் தொகையில் இந்தியர்கள் ஏழு விழுக்காட்டுக்கும் கீழே. ஆனால் தற்கொலை பற்றிய ஆய்வுகளில் நம் பங்கு அதைவிடப் பல மடங்கு என்பது பழைய, வேதனையான செய்தி. பிழைத்தவர்கள் போலீசுக்கு அஞ்சி மருத்துவரிடமே "தவறுதலாக நடந்துவிட்டது" என்று பொய் சொன்னார்கள். பொய் சொன்னவருக்குக் காயத்துக்குத்தான் கட்டுப் போட முடியும், மனத்துக்கு மருந்து கொடுக்க முடியாது. அவர் வந்த வழியே வீட்டுக்குப் போனார்.

சட்டத்தை நீக்கினால் தற்கொலை கூடிவிடும் என்று வாதாடியவர்கள் உண்டு. இலங்கையைப் பாருங்கள். 1995 வாக்கில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்று உலகின் உச்சத்தில் இருந்த எண்ணிக்கை, பத்து ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியானது. கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தது அதற்கு முக்கியக் காரணம். சட்டத்தை நீக்கியதால் எண்ணிக்கை ஏறவில்லை. நம் தோட்டங்களில் புழங்கிய பாராகுவாட் களைக்கொல்லியும் 2020 ஜனவரி முதல் இங்கே தடை செய்யப்பட்டுவிட்டது. தண்டனை காப்பாற்றாத உயிரைத் தடையும் சிகிச்சையும் காப்பாற்றுகின்றன.

இன்னும் தீராத விவாதங்கள்

இப்படிச் சொல்வதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரிய மருத்துவமனைகளை மூடிவிட வேண்டுமா என்பது ஒரு விவாதம். இத்தாலி 1978-இல் சட்டம் போட்டுப் புதிய நோயாளிகளைப் பழைய காப்பகங்களில் சேர்ப்பதை நிறுத்தியது. அமெரிக்காவும் காப்பகங்களைக் காலி செய்தது. ஆனால் வெளியே வந்தவர்களுக்குப் போதிய ஏற்பாடு செய்யாததால் பலர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். 1840-இல் சிங்கப்பூர்ச் சிறையில் தொடங்கிய கதை மறுபடியும் சிறைக்கே போனது போல! ஆகவே மதிலை இடிப்பது மட்டும் போதாது. மதிலுக்கு வெளியே ஒரு வீடும் ஒரு வேலையும் காத்திருக்க வேண்டும். நம் நாட்டில் 'மெந்தாரி' என்ற பெயரில் நடக்கும் சமூக மனநல மையங்கள் அதற்கான முயற்சிதான்.

வராதவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போகலாமா என்பது இன்னொரு விவாதம். "அவர் விருப்பம் முக்கியம்" என்பதும் நியாயம். "விருப்பத்தைச் சொல்லும் மனமே நோயில் இருக்கிறதே" என்று அழும் தாயின் கேள்வியும் நியாயம். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவர் நலமாக இருக்கும்போதே தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று எழுதி வைக்கலாம் என்கிறது. நாமும் பேச வேண்டிய யோசனை அது.

ஆனால் ஒன்றில் மட்டும் விவாதமே இல்லை. சிகிச்சை தள்ளிப்போகப் போக, குணமாவது கடினமாகிறது. நம் நாட்டில் 2003 முதல் மனச்சிதைவு நோயாளிகளைப் பதிவு செய்து பார்த்தபோது, நோய் தொடங்கி முதல் சிகிச்சைக்கு வருவதற்குள் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிடுவது தெரிய வந்தது. 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் பத்து இலட்சம் பேருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது. 2019-இல் அது 2.3 விழுக்காடு. நான்கே ஆண்டுகளில் இரு மடங்கு.

இத்தனை பேர் ஏன் தாமதிக்கிறார்கள்? தூரம் ஒரு காரணம். மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். அவற்றை அரசாங்கம் பார்க்க வேண்டும், நாம் கேட்க வேண்டும். ஆனால் மூன்றாவது காரணம் நம் நாக்கில் இருக்கிறது. அதற்கு எந்த அமைச்சும் பட்ஜெட் ஒதுக்க முடியாது.

நான்கு ஆண்டுகள்

காலம் மாறியதைக் கணக்குப் பாருங்கள். அன்று குடும்பம் இல்லை, இன்று இருக்கிறது. அன்று மருந்து இல்லை, இன்று இருக்கிறது. அன்று சட்டம் பூட்டியது, இன்று திறந்திருக்கிறது. மாறாதது நாம் சொல்லும் அந்த ஒரு சொல்தான். ஒவ்வொரு முறை நாம் சிரித்துக்கொண்டே "தம்போய்" என்கிறபோது, எங்கோ ஒரு வீட்டில் ஒரு தாய், "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று முடிவெடுக்கிறாள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது தூக்கமில்லையா? தனக்குத்தானே பேசிக்கொள்கிறாரா? வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறாரா? நேராகத் தம்போய்க்குத்தான் போக வேண்டும் என்றில்லை. பக்கத்து அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கலாம். பேசினால் போதும் என்றால் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண் இருக்கிறது. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணும் இருக்கிறது. போக வேண்டியது தம்போயாகவே இருந்தாலும் போங்கள். அது மருத்துவமனை. அவ்வளவுதான்.

அந்த அம்மாவிடம் அன்று கடைசியாக ஒன்று கேட்டேன். "உங்க மகன் என்னம்மா சொன்னார், நான் அப்படிப் பேசினதும்?"

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "ஒண்ணும் சொல்லலை கண்ணு. எழுந்து உள்ளே போயிட்டான். நாளைக்கு மருந்து வாங்கப் போகணும், வருவானான்னு தெரியலை."

அவர் மறுநாள் போனாரா என்பது எனக்குத் தெரியாது. அந்த அம்மா மறுபடி அழைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சொல் என் வாயில் வந்ததில்லை. உங்கள் வாயிலும் வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.